தலையில்லாத சுறாக்களும் ஒரு பிறந்த தேதியும்

1. இருபத்து நான்கு சுறாக்கள்

எழுபதுகளின் தொடக்கத்தில் செங்கல்பட்டில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் டெமான்ஸ்ட்ரேட்டராகச் சேர்ந்தேன். பேராசிரியர்கள் வகுப்பை நடத்துவார்கள். ஆய்வகத்தை நடத்துவது டெமான்ஸ்ட்ரேட்டரின் வேலை. தவளை, கரப்பான், சுறா எது தேவைப்பட்டாலும் உரிய நாளில், உரிய எண்ணிக்கையில் மேசைமேல் இருக்க வேண்டும். இல்லையென்றால் பதில் சொல்ல வேண்டியவன் நான்.

பணியில் சேர்ந்த ஆறாம் மாதம் பி.எஸ்ஸி. இறுதியாண்டு ப்ராக்டிகல் தேர்வு வந்தது. அந்த ஆண்டின் முக்கியமான டிஸெக்‌ஷன், சுறாவின் மண்டை நரம்புகள். சுறாவின் மண்டை எலும்பாலானதன்று, குருத்தால் ஆனது. அதைக் கத்தியால் மெல்லச் சீவிக்கொண்டே போனால், மூளையிலிருந்து கிளம்பும் பத்து ஜோடி நரம்புகள் வெள்ளை நூல்போலத் தெரியும். ஒரு சீவல் ஆழமாகிவிட்டால் நூல் அறுந்துவிடும். அத்துடன் மாணவனின் மதிப்பெண்ணும் போய்விடும்.

சுறா கொடுப்பவர் தேசிங்கு. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் கட்டுமரம் வைத்திருந்தார். வலையில் சிக்கும் சிறிய பால்சுறாக்களைக் கூடையில் அடுக்கி, திருக்கழுக்குன்றம் வழியாக வரும் முதல் பஸ்ஸின் கூரையில் ஏற்றிக் கொண்டுவருவார். தேர்வு நாளுக்கு இருபத்து நான்கு சொல்லியிருந்தேன். பெரிய தேர்வு, வெளியூரிலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள், சரக்கு நன்றாக இருக்க வேண்டும் என்று இரண்டு முறை வலியுறுத்தியும் இருந்தேன்.

காலை எட்டு மணிக்குக் கூடை வந்தது. மேலே மூடியிருந்த ஈரச் சாக்கை எடுத்தேன். இருபத்து நான்கு சுறாக்களும் தோலுரித்து, குடல் எடுத்து, மூன்று தண்ணீரில் கழுவி, பளபளவென்று அடுக்கப்பட்டிருந்தன. ஒன்றுக்கும் தலை இல்லை.

தேசிங்கு பெருமையோடு நின்றார். "பெரிய ஆளுங்க வராங்கன்னு சொன்னியே சார். நம்ம வூட்டுப் பொம்பளைங்க விடியக்காலம் குந்தி சுத்தம் பண்ணிக் குடுத்துகீறாங்க. ஒரு செதிலு, ஒரு நாத்தம் இருந்தா கேளு."

அவர் மேல் தவறில்லை. அவர் அறிந்த வரையில், சுறாவை நன்றாகக் கொடுப்பதென்றால் சட்டியில் போடும்படி கொடுப்பதுதான். இத்தனை மாதமாக முழுச் சுறாவைத்தானே வாங்கினோம் என்று கேட்டேன். இதுவரை நான் ஒருநாளும் 'நன்றாக இருக்க வேண்டும்' என்று சொன்னதில்லையாம். அதுவும் உண்மைதான்.

துறைத்தலைவர் வந்து கூடையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் போட்டுக்கொண்டு ஒரு தரம் பார்த்தார். "என்னய்யா, எக்ஸ்டர்னலுக்குப் புட்டு வைக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போது ஆய்வக வாசலில் ஒரு பெண் சாக்குப்பையோடு வந்து நின்றாள். எங்கள் கல்லூரியில் பி.யு.சி. படித்துக்கொண்டிருந்த எல்லம்மாள். அவள் தேசிங்குவின் மகள் என்பது அந்த நிமிடம்வரை எனக்குத் தெரியாது. குப்பத்திலிருந்து வருகிறாள் என்பதை அவள் வகுப்பில் யாருக்கும் சொல்லியிருக்கவில்லை. மீன்கூடையுடன் ஒரே பஸ்ஸில் வந்தாலும் தந்தையும் மகளும் தனித்தனியாகத்தான் இறங்குவார்களாம்.

"சார், தலைங்க இதுல கீது. இருபத்து நாலு. எண்ணிட்டேன்."

ஆய்வகக் கதவு திறந்திருக்கும்போது சுவரில் மாட்டியிருந்த படத்தை அவள் பலமுறை பார்த்திருக்கிறாள். படத்தில் சுறாவின் தலை மட்டும்தான் வரையப்பட்டிருந்தது. காலையில் அவள் எழுந்து பார்ப்பதற்குள் வெட்டி முடித்துவிட்டார்கள். தலைகள் குழம்புக்கு ஒதுக்கப்பட்டுவிட்டன. சண்டை போட்டு அவற்றை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். எங்கள் நல்ல காலம், குப்பத்தில் தலைக் குழம்புக்கு வெட்டும்போது செவுளையும் சேர்த்து வெட்டுவது வழக்கம். அதனால் பத்தாவது நரம்பிலிருந்து செவுளுக்குப் போகும் கிளைகளுங்கூடத் தப்பியிருந்தன.

தேர்வு பத்து மணிக்குத் தொடங்கியது. வெளித்தேர்வாளர் ஒவ்வொரு ட்ரேயிலும் தலை மட்டும் இருப்பதைக் கவனித்துவிட்டு, இந்தக் கல்லூரியில் இது என்ன வழக்கம் என்று கேட்டார். "இடம் மிச்சம் சார்" என்றார் எங்கள் தலைவர், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். மாலையில் சுத்தம் செய்யப்பட்ட இருபத்து நான்கு சுறாக்களும் ஊழியர் வீடுகளுக்குப் பிரிந்து போயின. தலைவர் இரண்டு எடுத்துக்கொண்டார்.

அன்று மாலை எல்லம்மாளிடம் மேலே என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டேன். டாக்டருக்கு, என்றாள். அவள் வயதுப் பெண்கள் அந்தச் சொல்லை வெட்கத்தோடு சொல்வதுண்டு. அவள், பஸ் எங்கே போகிறது என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள்.

2. கபூர் பாயின் பேனா

இன்றைய இளைஞர்களுக்கு அந்நாளைய ஏற்பாட்டைச் சொல்லிவிட வேண்டும். பதினொன்றாம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி.; அதன் பிறகு கல்லூரியில் ஓராண்டு பி.யு.சி. அது முடிந்தால் டாக்டராவதற்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று நேர்வழி. பி.யு.சி. மதிப்பெண்ணோடு நேர்முகத்தேர்வுக்குப் போய், ஐந்தரை ஆண்டு ஒருங்கிணைந்த எம்.பி.பி.எஸ். படிப்பில் சேர்வது. மருத்துவத்துக்கு முன் படிக்க வேண்டிய அறிவியலும் அந்தப் படிப்புக்குள்ளேயே அடங்கிவிடும். மற்றது சுற்றுவழி. முதலில் மூன்று ஆண்டு பி.எஸ்ஸி.; பிறகு அதே ஐந்தரை ஆண்டுப் படிப்பில் பட்டதாரிகளுக்கென்று ஒதுக்கிய சொற்ப இடங்களுக்குப் போட்டியிடுவது. நேர்வழியில் இடம் அதிகம், காலம் குறைவு. சுற்றுவழியில் காலம் அதிகம், இடம் குறைவு. ஒரு பட்டப்படிப்பில் சேர்ந்துவிட்டால் அதைப் பாதியில் விட்டு நேர்வழிக்குத் திரும்ப அப்போது எங்களுக்குக் கிடைத்த விதித்தாள் இடம் தரவில்லை.

பி.யு.சி. முடிவு வந்தபோது எல்லம்மாளின் மதிப்பெண்கள் நேர்முகத்தேர்வுக்கு அழைக்கப்படக்கூடிய உயரத்தில் இருந்தன. விண்ணப்பத்தை நானே அவளோடு உட்கார்ந்து நிரப்பினேன். சரிபார்ப்பதற்காக ஹெட்கிளார்க் கபூர் பாயிடம் எடுத்துப்போனோம்.

கபூர் பாய் செங்கல்பட்டு கடைத்தெருவைச் சேர்ந்தவர். அண்ணன் தம்பிகள் எல்லோரும் வியாபாரத்துக்குப் போக, அவர் மட்டும் அலுவலகத்துக்கு வந்தவர். விதிப் புத்தகம் அவருக்குப் பக்க எண்ணோடு மனப்பாடம். எல்லம்மாளின் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் பிறந்த தேதி இருக்கும் பக்கத்தைத் திறந்தவர், விரல் விட்டு எண்ணினார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார்.

"தம்பி, டிசம்பர் முடியறதுக்குள்ள பதினேழு முடிஞ்சிருக்கணும். இந்தப் பொண்ணுக்கு அஞ்சு மாசம் குறையுது."

எல்லம்மாள் கலங்கவில்லை. தனக்குப் பதினேழு முடிந்து மாதக்கணக்கில் ஆகிவிட்டது என்றாள். மறுநாள் தேசிங்கு வந்து அதையே உறுதியாகச் சொன்னார். தவறு நேர்ந்த விதமும் அவரிடமிருந்துதான் தெரிந்தது. குப்பத்துப் பள்ளியில் ஓராசிரியர். மீனவர் பிள்ளைகள் எப்படியாவது அரசாங்க வேலைக்குப் போக வேண்டும் என்று துடித்த மனிதர். ஒரு பிள்ளையைச் சேர்க்க வந்தால் பெற்றோர் சொல்லும் வயதில் ஓராண்டைக் குறைத்து, ஜூன் முதல் தேதி என்று எழுதிவிடுவார். ஓய்வு பெறும்போது ஓராண்டு கூடுதலாகச் சம்பளம் வாங்கலாம் என்பது அவர் கணக்கு. அந்தக் குப்பத்தில் ஒரு தலைமுறையே ஜூன் முதல் தேதி பிறந்தது. எல்லம்மாள் நன்றாகப் படித்ததால் அவரே அவளை மூன்றாம் வகுப்பிலிருந்து ஐந்துக்குத் தூக்கிப் போட்டிருந்தார். இரண்டு உபகாரங்களும் சேர்ந்து அவள் வழியை மறித்துவிட்டன.

"வாத்தியாரு நல்லதுக்குத்தான் சார் போட்டாரு. அவர ஒண்ணும் சொல்லாத" என்றார் தேசிங்கு.

திருத்துவதென்றால் பொதுத்தேர்வுக்கு முன்பே திருத்தியிருக்க வேண்டும். இனி நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். விண்ணப்பத்துக்கோ பதினெட்டு நாளே இருந்தது. அந்த மாலையில் ஒரு காரியம் என் மனத்தில் ஓடியதை மறைக்க விரும்பவில்லை. பிறந்த ஆண்டின் கடைசி இலக்கம், மூன்று ஆண்டுகளுக்கு முன் எழுதிய பழைய மசியில் இருந்தது. ஒரு சிறு கோடு அதை வேறு இலக்கமாக்கிவிடும். நான் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கபூர் பாய் பார்த்துவிட்டார். புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி மூடினார்.

"நீ ஒரு கோடு போட்டுட்டு சம்பளம் வாங்கினு போயிடுவ தம்பி. அவ ஆயுசு முழுக்க அந்தக் கோட்டுக்குப் பயந்துகினு டாக்டரா இருக்கணும்."

அதன் பிறகு என் பணிக்காலம் முழுவதும் எந்தச் சான்றிதழையும் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்ததில்லை.

ஆக, இரண்டு வழிகள் மிஞ்சின. ஓராண்டு வீட்டில் காத்திருந்து, வயது நிரம்பியதும் அதே மதிப்பெண்ணோடு நேர்வழியில் போவது. அல்லது இப்போதே எங்கள் கல்லூரியில் பி.எஸ்ஸி. விலங்கியலில் சேர்ந்து, மூன்றாண்டு கழித்துப் பட்டதாரிகளோடு போட்டியிடுவது. பி.எஸ்ஸி. சேர்க்கை அடுத்த திங்களன்று முடிவடைய இருந்தது.

3. என் மேசை இழுப்பறையில் இருந்த அட்டை

துறைத்தலைவர் தயங்காமல் பி.எஸ்ஸி.யில் சேர்த்துவிடு என்றார். நான் மறுத்தேன். அவர் முன்னால் அதுவரை நான் குரல் உயர்த்தியதில்லை, அன்று உயர்த்தினேன்.

காரணம் என் சொந்தக் கதை. நான் அச்சரப்பாக்கத்துக்காரன். பி.யு.சி. முடித்தபோது எனக்கும் நேர்முகத்தேர்வு அட்டை வந்தது. முதலில் ஒரு பட்டம் பெற்று அடித்தளத்தை உறுதிப்படுத்திக்கொண்டு போனால் நல்ல டாக்டராகலாம் என்று நானாகவே முடிவு செய்தேன். அந்த அட்டையோடு போகவில்லை. பி.எஸ்ஸி. முடித்துப் பட்டதாரிப் பிரிவில் இரண்டு முறை முயன்றேன். இரண்டு முறையும் பட்டியலில் என் பெயர் இல்லை. மூன்றாம் முறை முயல வீட்டு நிலைமை இடம் தரவில்லை; டெமான்ஸ்ட்ரேட்டரானேன். பயன்படுத்தாத அந்த அட்டை என் மேசை இழுப்பறையில் இருந்தது. எதற்காக வைத்திருந்தேன் என்று என்னால் சொல்ல முடியாது.

எனவே என்னிடம் யோசனை கேட்ட ஒவ்வொரு மாணவனுக்கும் நான் சொன்னது ஒன்றே: நேர்வழியை விடாதே. காத்திருக்க நேர்ந்தாலும் காத்திரு. என் அனுபவத்திலிருந்து சொல்கிறேன் என்று சொல்லிக்கொண்டேன், கேட்டவர்களும் நம்பினார்கள்.

எல்லம்மாள் விஷயத்தில் வெறும் யோசனையோடு நிற்கக்கூடாதென்று ஒரு முழுத் திட்டமே தயாரித்தேன். காத்திருக்கும் ஓராண்டில் படிக்க வேண்டிய புத்தகங்கள், மாதத்துக்கு ஒரு நாள் ஆய்வகத்துக்கு வந்து போவது, ஆங்கிலத்தில் பேசிப் பழகுவது என்று இரண்டு பக்கம் எழுதினேன். சனிக்கிழமை மதியம் பஸ் ஏறி மாமல்லபுரம் போய், அங்கிருந்து மணலில் நடந்து குப்பத்துக்குப் போனேன்.

4. கரையில்

கட்டுமரங்கள் கரையேறியிருந்தன. தேசிங்கு வலையை விரித்துப் போட்டு, கால் கட்டைவிரலில் கண்ணியை மாட்டி இழுத்துப் பிடித்தபடி கிழிசலைப் பின்னிக்கொண்டிருந்தார். வலையின் மறுமுனையில் எல்லம்மாளும் பின்னிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு கவிழ்த்த கூடையை இருக்கையாகப் போட்டார்கள்.

இரண்டு பக்கத் திட்டத்தை வாசித்துக் காட்டினேன். தேசிங்கு பொறுமையாகக் கேட்டார். பிறகு ஒரு தடையைச் சொன்னார். அவர் அக்காள் மகன் ஒருவன் கோவளத்தில் இருந்தான். எல்லம்மாள் படிக்கிறாள் என்பதால் அவன் வீட்டார் பெண் கேட்டு வாய் திறக்காமல் இருக்கிறார்கள். "ஒரு வருசம் வூட்ல குந்திக்கினு இருந்தா சும்மா இருப்பாங்களா சார்? தட்டத் தூக்கிக்கினு வந்துடுவாங்க. நானு எத்தன வாட்டி திருப்பி அனுப்பறது? எங்க அக்கா வாய் உனக்குத் தெரியாது."

உறுதியாக இருந்தால் ஓராண்டைத் தாண்டிவிடலாம் என்றேன். நேர்வழியில் அவள் இருபத்து மூன்று வயதில் டாக்டராகிவிடுவாள். சுற்றுவழியில் போனால் இன்னும் இரண்டாண்டு கூடும், இடம் கிடைக்கும் என்ற உறுதியும் இல்லை என்று கணக்குச் சொன்னேன்.

எல்லம்மாள் ஊசியை நிறுத்தினாள். "சார், ஒரு வருசம் காத்துக்கினு இருந்து, அப்பவும் இடம் கெடைக்கலேன்னா நான் யாரு?"

நான் யோசித்தேன். "பி.யு.சி. படித்த பெண்" என்றேன்.

"பி.எஸ்ஸி. முடிச்சு இடம் கெடைக்கலேன்னா?"

"பட்டதாரி. ஆசிரியராகலாம். டெமான்ஸ்ட்ரேட்டராகலாம்."

தேசிங்கு சிரித்தார். "அப்ப எம் பொண்ணுக்கே நான் சுறா விப்பேன். பேரம் பேசாம வாங்குவியாடி?"

"தலையோட குடுத்தா வாங்கறேன் நைனா" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, குரலில் எந்தக் குத்தலும் இல்லாமல் கேட்டாள். "நீங்க பி.எஸ்ஸி. படிச்சதுல கெட்டுப் போயிட்டீங்களா சார்?"

கெட்டுப்போகவில்லை என்று சொன்னால் என் இரண்டு பக்கத் திட்டம் விழுந்துவிடும். கெட்டுப்போய்விட்டேன் என்று சொன்னால், தலையுள்ள சுறாவுக்கும் தலையில்லாத சுறாவுக்கும் பதில் சொல்லிக்கொண்டு, மாணவர் விரல்களுக்கு நரம்பைத் தொடாமல் சீவப் பழக்கிக்கொண்டு நான் வாழ்ந்துகொண்டிருந்த வாழ்க்கை பொய்யாகிவிடும். அந்த வாழ்க்கை எனக்குப் பிடித்திருந்தது என்பதை அந்தக் கவிழ்த்த கூடையில் உட்கார்ந்திருந்தபோதுதான் முதன்முதலாக உணர்ந்தேன்.

அவள் என் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. ஏற்கெனவே கணக்குப் போட்டு வைத்திருந்தாள். "நேரா போனா சீக்கிரம் சார், அது தெரியும். ஆனா காத்திருக்கற வருசத்துல நான் ஒரு எடத்துலயும் இல்ல. எங்க அத்த பேச ஆரம்பிச்சா, எந்த எடத்துல நின்னு நான் பதில் சொல்றது? காலேஜில இருந்தா அங்க நின்னு சொல்லுவேன். வயசு போயிடும்னு நீங்க யோசிக்கிறீங்க. எங்க வாத்தியார் ஒரு வருசம் கொறச்சுக் குடுத்துருக்காரே. அத இதுல செலவு பண்ணிக்கிறேன்."

தேசிங்கு வலையிலிருந்து தலையை எடுக்கவில்லை. "கேட்டுக்கோ சார். இதுங்கிட்ட நான் எப்டி பேஜாரு படறேன்னு பாரு" என்றார். மகளைக் குறைசொல்லும் தந்தையின் குரலாக அது இல்லை.

திங்கட்கிழமை எல்லம்மாள் பி.எஸ்ஸி. விலங்கியலில் சேர்ந்தாள். அந்த நாளிலிருந்து தந்தையும் மகளும் ஒரே பஸ் நிறுத்தத்தில் சேர்ந்தே இறங்கினார்கள். கூடையின் ஒரு பக்கத்தை அவள் பிடித்துக்கொண்டாள்.

5. என் சட்டைப்பையில் வந்த உறை

அந்த மூன்று ஆண்டுகளில் நான் பயந்தவற்றில் பாதி நடந்தன. அத்தை தட்டோடு இரண்டு முறை வந்தார். பட்டதாரிகளுக்கான இடங்கள் சொற்பமாகவே இருந்தன. அவளுக்கு ஆங்கிலம் முதலாண்டில் பெரும் பாடாக இருந்தது. வகுப்பில் சிலர் மீன்வாசனை என்று மூக்கைப் பிடித்துக் காட்டினார்கள். ஒருநாள் ஆய்வகத்தில் ஒருவன் அப்படிச் செய்தபோது அவள், "பார்மலின் வாசனைய விட இது பரவால்ல, கொஞ்சம் பழகிக்கோ, பரீச்சையில உன் எதிர்லதான் இருக்கும்" என்றாள். அவன் அதன் பிறகு அவளிடமே சந்தேகம் கேட்கத் தொடங்கினான்.

சுறாத் தலையை அவள் சீவுவதைப் பார்க்க இறுதியாண்டில் துறைத்தலைவரே வந்து நிற்பார். வலை பின்னிய விரல்கள். நூல் எங்கே அறும், எங்கே தாங்கும் என்பது அவளுக்குக் கையிலேயே இருந்தது. கண் தசைக்குப் போகும் நான்காம் நரம்பு மயிரிழைபோல மெல்லியது. மாணவர்களில் பெரும்பாலோர் அதைக் காண்பதற்குமுன் அறுத்துவிடுவார்கள். அவள் அதன்கீழ் ஒரு கறுப்புக் காகிதத்துண்டை நுழைத்து வைத்து, எல்லோருக்கும் காட்டினாள். நானும் அன்றுதான் அதை அவ்வளவு முழுமையாகப் பார்த்தேன்.

முதல் வகுப்பில் தேறினாள். நேர்முகத்தேர்வுக்கு அட்டை வந்தது. போய்விட்டு வந்து, கிடைக்காது என்று சொன்னாள். குழுவில் ஒருவர், நல்ல மதிப்பெண் இருந்தும் ஏன் அப்போதே வரவில்லை என்று கேட்டிருக்கிறார். புத்தகத்தின்படி வயது குறைந்ததைச் சொல்லியிருக்கிறாள். இன்னொருவர் மூன்று ஆண்டை வீணாக்கிவிட்டாயே என்று அனுதாபப்பட்டாராம். "வீணாகல சார், பத்து நரம்பு பாத்தேன்னு சொன்னேன். அவர் சிரிச்சாரு. சிரிச்சா நல்லதா கெட்டதா சார்?" என்று என்னைக் கேட்டாள். இரண்டு முறை சிரிப்பில்லாத குழுக்களைப் பார்த்தவன் நான்.

முடிவு அடங்கிய உறை கல்லூரி முகவரிக்கு வந்தது. குப்பத்துக்குத் தபால் ஒழுங்காகப் போகாது என்பதால் அவள் அப்படிக் கொடுத்திருந்தாள். உறை வந்த காலையில் தேசிங்கு புதிய மாணவர்களுக்குச் சுறா கொண்டுவந்திருந்தார். கபூர் பாய் உறையைக் கையில் வைத்துக்கொண்டு ஆய்வகத்துக்கே வந்துவிட்டார். துறைத்தலைவர் பிரிக்கச் சொன்னார். பாய் மறுத்தார்.

"பேரு யாருதோ அவங்கதான் பிரிக்கணும். அப்பா பிரிக்கக் கூடாது, ஆபீசும் பிரிக்கக் கூடாது. விதி இல்ல, மரியாத."

எனவே நானும் தேசிங்குவும் அடுத்த பஸ்ஸில் குப்பத்துக்குப் போனோம். உறையை அவர் தொட மறுத்தார். "எங்கைல மீன்வாசன சார். கவர்மெண்டு காயிதம். உன் ஜோபில வையி." வழி முழுவதும் அவர் என் சட்டைப்பையையே பார்த்துக்கொண்டு வந்தார். திருக்கழுக்குன்றத்தில் பஸ் நின்றபோது, டீ குடிக்கலாமா என்று கேட்டேன். அவர் வேண்டாமென்று தலையசைத்தார். பஸ் கிளம்பியதும், "இல்லேன்னு இருந்தா இன்னா சார் பண்ணும் அது?" என்று கேட்டார்.

"பட்டதாரி. என்னோடு வேலைக்கு வரும்" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு அதில் ஒரு குறையும் தோன்றவில்லை.

எல்லம்மாள் உறையைக் கிழிக்காமல், ஒட்டிய இடத்தில் நகத்தை விட்டு மெல்லப் பிரித்தாள். ஒரு முறை படித்தாள். மடித்தாள். "அஞ்சர வருசம், நைனா" என்றாள்.

தேசிங்கு கடலுக்குப் போய்க் கையை மணலால் தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்து, அந்தக் காகிதத்தை வாங்கினார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. நெடுநேரம் பார்த்தார்.

6. அடுத்த மாணவர்களிடம் நான் கேட்டவை

இதைப் படிக்கும் இளைஞர்கள் சுற்றுவழியே சிறந்தது என்று முடிவு செய்துவிடக் கூடாது. கபூர் பாயின் தம்பி மகன் அடுத்த ஆண்டு இதே சிக்கலில் வந்தான். அவனுக்கும் வயது போதவில்லை. கடையில் உட்கார்ந்துகொண்டே ஓராண்டு காத்திருந்து நேர்வழியில் போய்ச் சேர்ந்தான். அவன் வீட்டில் அவனைக் கடை தாங்கியது. காத்திருக்கும் ஓராண்டு ஒருவனுக்கு ஓய்வாகவும் இன்னொருத்திக்கு ஆபத்தாகவும் இருக்கும் என்பதை நான் கணக்கில் எடுத்திருக்கவில்லை. எத்தனை ஆண்டு, எத்தனை இடம் என்று மட்டும் கணக்குப் போட்டேன். அதுவும் அவளுடைய கணக்காக இல்லை; என் இழுப்பறையில் இருந்த அட்டையின் கணக்கு.

அதன் பிறகு முப்பது ஆண்டுகள் நூற்றுக்கணக்கானவர்கள் என்னிடம் யோசனை கேட்டார்கள். நான் யாருக்கும் வழி சொல்லவில்லை. இந்த வழி கிடைக்காமல் போனால் நீ யாராக இருப்பாய், அந்த இடத்தில் நின்று உன்னால் பேச முடியுமா என்று இரண்டு கேள்விகள் கேட்டேன். பதிலை அவர்கள் சொல்லும்வரை பேசாமல் இருக்கக் கற்றேன். ஆய்வகத்தில் நான் கற்றுக்கொடுத்ததும் அதுவே: நரம்பு எங்கே இருக்கிறது என்று தெரியும்வரை கத்தியை அழுத்தக் கூடாது.

எல்லம்மாள் சேர்ந்து ஒரு மாதம் கழித்து எனக்கு ஓர் அஞ்சலட்டை வந்தது. அந்தக் காலத்தில் மருத்துவக் கல்லூரிகளில் பி.யு.சி.யிலிருந்து நேராக வந்தவர்கள் பட்டதாரிகளைத் 'தாத்தா', 'பாட்டி' என்று கேலி செய்வது வழக்கம். அவளையும் செய்திருக்கிறார்கள். அட்டையில் அதைப் பற்றி ஒரு வரி எழுதிவிட்டு, அடுத்து இப்படி எழுதியிருந்தாள்:

"மனிதத் தலையில் நரம்பு பன்னிரண்டு ஜோடி சார். பத்து எனக்குத் தெரிந்தவை. மீதி இரண்டைப் படித்துக்கொண்டிருக்கிறேன். பக்கத்து மேசைப் பிள்ளைகள் பாட்டியிடம் வந்து கேட்டுக்கொண்டு போகிறார்கள்."

இழுப்பறையிலிருந்த என் பழைய அட்டையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இதை வைத்தேன். மறுநாள் காலை தேசிங்கு கூடையை இறக்கினார். சாக்கை அவரே விலக்கினார்.

"தலையோட கீது சார்" என்றார். "டாக்டரு சொல்லி அனுப்பிச்சிகீது. எண்ணிக்கோ."